வழக்கமான அளவு

கோத்தகிரியிலிருந்து உதகைக்குப் போகும் சாலையில், குன்னூருக்கு வழி பிரியும் இடத்தில் இருக்கிறது கட்டபெட்டு. பேருந்தைவிட்டு இறங்கினால் ஒரு சிறு கடைத்தெரு. அதற்கப்பால் சரிவெங்கும் தேயிலை. அதற்கும் மேலே சோலையின் கரும்பச்சை. அந்தி சாய்ந்தபின் கரடியும் காட்டுமாடும் தேயிலைக்குள் இறங்கி வருவது இன்றைக்கும் அங்கே செய்தியல்ல. அவ்வூரில் எங்கள் குடும்பத்துக்கு ஓர் ஓட்டு வீடு இருந்தது. அத்தைக்கு முழங்கால் வலி முற்றி, வீட்டுக்குப் போகும் படிகளில் ஏறி இறங்க முடியாமற்போகவே, அதை விற்றுவிடுவதென்று சென்ற ஆண்டு முடிவாயிற்று. பரணை ஒழிக்கும் பொறுப்பு அண்ணன் தங்கையாகிய எங்கள் இருவர்மேலும் விழுந்தது. இக்கட்டுரையையும் நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம்.

பரணின் மூலையில் ஒரு தகரப்பெட்டி. அதற்குள் மூன்று பொருள்கள் இருந்தன. கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைக் குப்பி. நீள நோட்டு ஒன்று. பழுப்பேறிய இரண்டு அட்டைப்பெட்டிகள். ஐந்தைந்து தோட்டாக்கள் கொள்ளும் பெட்டிகள் அவை. ஒன்றில் ஐந்தும் இருந்தன. மற்றதில் ஒன்றே ஒன்று.

தோட்டாக்களைத் தொடவே இல்லை. கண்டவுடன் காவல் நிலையத்துக்குத் தகவல் சொன்னோம். அவர்கள் வந்து எழுதி வாங்கிக்கொண்டு எடுத்துச் சென்றார்கள். உரிமம் இல்லாத வீட்டில் ஒரு தோட்டா இருப்பதும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றமே. குப்பியும் நோட்டும் எங்களிடம் தங்கின. இந்தக் கட்டுரை அந்த நோட்டைப் பற்றியது. வெடிமருந்தைப் பற்றியும்தான். இலக்கியம் பேசும் இப்பக்கங்களில் வெடிமருந்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சற்றே பொறுத்து வாசிக்குமாறு வேண்டுகிறோம்.

* * *

நோட்டு, எங்கள் தாத்தாவின் தம்பியுடையது. சின்னத் தாத்தா என்றுதான் எங்களுக்குப் பழக்கம். தேயிலைத் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் கணக்கு எழுதியவர். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டிருந்தார். பன்றிகள் வந்து வரப்போடு புரட்டிவிட்டுப் போகும். அதற்காக உரிமம் பெற்று ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். குழலின் வாய்வழியாக மருந்தையும் ரவையையும் இட்டுக் கெட்டிக்கிற வகை. எங்களுக்கு நினைவு தெரிந்த நாளில் அவருக்கு வலக்கண் இல்லை. இடக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. 1983இல் இறந்தார்.

கண்ணும் விரலும் போன கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். 1957, ஆடி மாதம், மழை ஓய்ந்த ஓர் இரவு. கிழங்குக் காட்டில் பன்றி இறங்கிய சத்தம் கேட்டுச் சின்னத் தாத்தா போனார். ஒரே வெடி. வழக்கமான வெடி போலில்லை என்று அத்தை சொல்வார். அவருக்கு அப்போது பத்து வயது. துப்பாக்கிக் குழல் பின்பக்கம் வாழைப்பூ மடல்போல் விரிந்து கிடந்ததாம். கடைத்தெருவில் உரிமம் பெற்று மருந்தும் ரவையும் விற்றுவந்த ஒருவர், கெட்டுப்போன மருந்தைத் தலையில் கட்டிவிட்டார் என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. தாத்தா கடை வாசலில் நின்று கூச்சலிட்டார். ஊர் கூடிற்று. அன்று முதல் எங்கள் வீட்டார் அந்தக் கடைப்படி ஏறியதில்லை. உப்பு வாங்கக்கூட மறுகோடிக் கடைக்குத்தான் போவோம். சிறுவயதில் விடுமுறைக்கு வந்த எங்களுக்கும் அதுவே கட்டளை.

நோட்டில் ஆறு பத்திகள் கோடிட்டு வைத்திருந்தார். தேதி, மருந்து, அளவு, ரவை, வானிலை, பலன். கணக்கெழுதிய கை அல்லவா. ஓர் எழுத்துகூடக் கோட்டைத் தாண்டவில்லை. மருந்துப் பத்தியில் பெரும்பாலும் 'க.ம.' என்று இருந்தது, கருமருந்து. பலன் பத்தியில் 'ஒன்று விழுந்தது', 'தப்பியது', 'சத்தம் மட்டும்'. நடுவே சில குறிப்புகள் எங்களை வியக்கவைத்தன. 'புதுச் சரக்கு. முந்தியதைவிட வேகம். அளவைக் கால்வாசி குறைத்தேன்' என்று ஓரிடத்தில். 'ஈரம் கோத்த மருந்து. வெயிலில் ஆற்றி, சிட்டிகை எடுத்துக் கல்மேல் கொளுத்திப் பார்த்தேன். சரி' என்று இன்னோரிடத்தில். கடையில் ஒவ்வொரு முறை மருந்து வாங்கும்போதும் அதைச் சந்தேகித்திருக்கிறார், சோதித்திருக்கிறார், குறைந்த அளவிலிருந்து தொடங்கியிருக்கிறார்.

கடைசிப் பதிவு 1957 ஆடி மாதத்தது. 'கடை மருந்து தீர்ந்தது. துரை தோட்டா நான்கு பிரித்தேன். நறுக்கியது. அளவு வழக்கம்போல்.'

ரவை, வானிலை எழுதியிருந்தார். பலன் பத்தி காலியாக இருந்தது.

* * *

துரை தோட்டா எங்கிருந்து வந்தது என்று அத்தைக்குத் தெரிந்திருந்தது. நாடு விடுதலை பெற்றபின் ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பங்களாச் சாமான்கள் ஏலம் போயின. ஒரு மேசையை எடுத்தார் சின்னத் தாத்தா. அதன் இழுப்பறையில் பெட்டிகள் இருந்தன. யானை, காட்டுமாடு சுடுகிற பெரிய ரைஃபிளுக்கான தோட்டாக்கள். இங்கிலாந்தின் கைநாக் நிறுவனத் தயாரிப்பு. காவலர்கள் எடுத்துச் செல்லுமுன் அட்டையில் இருந்ததைக் குறித்துக்கொண்டோம். .450/400 என்று ரக எண். 60 கிரெயின் கார்டைட், 400 கிரெயின் குண்டு என்று அதன் கீழே.

கார்டைட் என்ற சொல் நீலகிரியில் யாருக்கும் புதிதல்ல. குன்னூரிலிருந்து மலை ரயிலில் ஏறினால் வெலிங்டனுக்கு அடுத்து அருவங்காடு வருகிறது. அங்கே 1903இல் தொடங்கப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலையை இன்றும் மக்கள் 'கார்டைட் ஃபேக்டரி' என்றே சொல்கிறார்கள். காட்டேரி அருவியின் நீரிலிருந்து அதற்கு மின்சாரம் எடுத்தார்கள். படைத்தளவாடத் தொழிற்சாலைகளின் வாரியம் 2021இல் கலைக்கப்பட்டபின், அது மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்ற அரசு நிறுவனத்தின்கீழ் இயங்குகிறது. சிறுவயதில் அதன் சுற்றுச்சுவரை ரயில் ஜன்னல்வழியே எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். உள்ளே செய்யப்படும் பொருள் நம் வீட்டுக் கதையோடு தொடர்புள்ளது என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அதன்பின் சில மாதங்கள் நாங்கள் வாசித்ததெல்லாம் துப்பாக்கி மருந்தைப் பற்றித்தான். வாசித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

கருமருந்து பழையது. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றின் கலவை. எரிந்தால் பாதிக்கு மேல் புகையும் கசடுமாகத் திடப்பொருளாகவே எஞ்சும், மீதிதான் வாயு. அந்த வாயுதான் குண்டைத் தள்ளுகிறது. அதற்கு ஒரு நற்குணம் உண்டு. சுற்றிலும் அழுத்தம் ஏறினாலும் அது எரியும் வேகம் அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே கொஞ்சம் கூடப் போட்டாலும் கொஞ்சம் குறையப் போட்டாலும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். கையளவு, குப்பியளவு என்று முகந்து போடும் வழக்கம் அந்தப் பொறுமையின் மேல்தான் பல நூற்றாண்டுகள் நின்றது.

புகையற்ற மருந்து வேறு பிறவி. 1884இல் பிரான்சில் பால் வியேல் அதைச் செய்தார். 1887இல் ஆல்ஃபிரட் நோபல் நைட்ரோகிளிசரினையும் நைட்ரேட் ஏற்றிய பஞ்சையும் சேர்த்துப் 'பாலிஸ்டைட்' செய்தார். 1889இல் இங்கிலாந்தில் ஏபெல், டூவர் என்ற இரு வேதியியலாளர்கள் ஏறத்தாழ அதே பொருள்களைக் கொண்டு கயிறு கயிறாகப் பிழிந்தெடுத்த மருந்துதான் கார்டைட். கயிற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே பெயராயிற்று. தோட்டாவைப் பிரித்தால் சேமியாக் கட்டுபோல் இருக்கும். தன் கண்டுபிடிப்பைத் திருடிவிட்டார்கள் என்று நோபல் வழக்குத் தொடுத்து, 1895இல் பிரபுக்கள் சபைவரை சென்று தோற்றார்.

இந்த மருந்து எரிந்தால் கிட்டத்தட்ட முழுவதும் வாயுவாகிவிடும். அதைவிட முக்கியமானது, அழுத்தம் ஏற ஏற இது எரியும் வேகமும் ஏறும். வேகம் ஏறினால் அழுத்தம் இன்னும் ஏறும். ஒன்றையொன்று துரத்தும் இந்த ஓட்டம் கணக்குக்குள் நின்றால் குண்டு பறக்கும். கணக்கு தப்பினால் குழல் பிளக்கும். மருந்தின் வடிவத்துக்கும் இதில் பங்குண்டு. கயிறு எரிய எரிய மெலியும். எரியும் பரப்பும் குறையும். நடுவே துளையிட்ட குழாய் உள்ளும் புறமும் எரிவதால் பரப்பு ஏறத்தாழ மாறாமல் நிற்கும். பிற்காலக் கார்டைட்டைக் குழாயாகப் பிழிந்தது இதற்காகவே. சின்னத் தாத்தா செய்ததுபோல் நறுக்கினாலோ பரப்பு கூடும். எரிவதும் அந்த அளவுக்கு விரையும்.

ஒரே துப்பாக்கியில் இரண்டு மருந்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வரலாற்றிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. ஆங்கிலேயப் படையின் .303 தோட்டா 1888இல் வந்தபோது அதில் இருந்தது கருமருந்து, 71.5 கிரெயின். 215 கிரெயின் குண்டை நொடிக்கு 1850 அடி வேகத்தில் அனுப்பியது. சில ஆண்டுகளில் அதே தோட்டாவில் கார்டைட் வந்தது. எடை சுமார் 31 கிரெயின்தான். வேகமோ 2000 அடியை நெருங்கிற்று. ஒரு கிரெயின் என்பது 0.0648 கிராம். பொற்கொல்லர் நிறுக்கும் குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெயின். ஆக ஏறத்தாழ முப்பத்தாறு குன்றிமணி கருமருந்து செய்த வேலையைப் பதினாறு குன்றிமணி கார்டைட் செய்து, மேலும் கொஞ்சம் செய்தது.

இதைச் செய்தவர்களுக்கே அது எளிதில் அடங்கவில்லை. முதல் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 விழுக்காடு. அதன் வெப்பம் குழலை உள்ளுக்குள் அரித்துத் தின்றது. 1901இல் அதை 30 விழுக்காடாகக் குறைத்தார்கள். வெயில் நாட்டில் கார்டைட் சூடேறிக் கூடுதல் அழுத்தம் தந்ததால், இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மருந்தைக் குறைத்த தனித் தோட்டாக்கள் செய்தார்கள். கருமருந்துக்கென்று செய்த பழைய ரைஃபிள்களை வைத்திருந்த வேட்டைக்காரர்களுக்காக, அவற்றின் குழல் தாங்கும் அளவுக்கு மட்டும் கார்டைட் இட்ட தோட்டாக்களும் விற்பனைக்கு வந்தன. புகையற்ற மருந்தைத் தாங்குமா என்று சோதித்துத் தேறிய குழல்களில் அதற்கென முத்திரை குத்தினார்கள். நாட்டுக் கொல்லன் அடித்த குழலில் அந்த முத்திரை எங்கே இருக்கும்?

* * *

மேலைநாடுகளில், குறிப்பாக அமெரிக்காவில், தம் தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ளும் பழக்கம் ஒரு தனிக்கலையாகவே வளர்ந்திருக்கிறது. சுட்ட தோட்டாவின் வெற்று உறையை எடுத்து, புதிய கேப்பு பொருத்தி, மருந்தை நிறுத்து இட்டு, குண்டை அமர்த்துகிறார்கள். மருந்து வகைகளோ பல. கருமருந்தின் பழைய அளவையான 'டிராம்' ஒழிந்து நெடுங்காலமாகியும், அமெரிக்க ரவைத் தோட்டாப் பெட்டிகளில் 'இத்தனை டிராமுக்கு ஈடு' என்று இன்னும் அச்சிடுகிறார்கள். உள்ளே டிராம் கணக்கில் எதுவும் இல்லை. மருந்து மாறியபின்னும் அளவின் ஆவி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் படையின் உபரி மருந்தை மலிவாக வாங்கி இவர்களுக்கு விற்றார். அவற்றுள் 4831 என்ற எண்ணுள்ள மருந்து பெரும்புகழ் பெற்றது. பின்னாளில் வேறொரு நிறுவனமும் அதே எண்ணில் ஒரு மருந்தை வெளியிட்டது. எண் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது மருந்து சற்று விரைந்து எரிவது. முன்னதன் அளவைப் பின்னதற்குப் போட்டால் ஆபத்து என்று நிரப்புவோர் கையேடுகள் எச்சரிக்கின்றன. அவர்கள் போற்றும் விதிகள் சிலவே. ஒரு நேரத்தில் மேசைமேல் ஒரு மருந்துதான் இருக்க வேண்டும். பெயர் ஒட்டாத புட்டியில் இருப்பதைத் தொடக்கூடாது. ஒரு மருந்தின் அளவை இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லக்கூடாது. மருந்து மாறினால், அதே மருந்தின் புதுச் சரக்கு வந்தாலும்கூட, மீண்டும் கீழிருந்து தொடங்க வேண்டும்.

தனிமனிதர்கள் மட்டுமல்ல, அரசாங்கங்களும் இதில் இடறியிருக்கின்றன. வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படையின் எம்-16 துப்பாக்கி, ஒருவகை மருந்தைக் கொண்டு வடிவமைத்துச் சோதிக்கப்பட்டது. 1964இல் உருண்டை மணிகளாலான வேறு மருந்தையும் அதற்கு ஏற்றார்கள். குண்டின் வேகம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் துப்பாக்கியின் இயக்கம் விரைந்தது, கசடு கூடியது, போர்முனையில் சிக்கிக்கொண்டது. குழலுக்குள் சிக்கிய உறையோடு இளைஞர்கள் மடிந்தார்கள். 1967இல் நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று விசாரித்து, மருந்தை மாற்றியதைக் கடுமையாகக் கண்டித்தது.

இவற்றையெல்லாம் வாசித்தபின் நோட்டை மீண்டும் திறந்தோம். சின்னத் தாத்தா அசட்டுத் துணிச்சல்காரர் அல்லர். அமெரிக்கக் கையேடு சொல்லும் விதிகளை, அப்படியொரு கையேடு இருப்பதே தெரியாமல், கட்டபெட்டில் உட்கார்ந்து அவர் கடைப்பிடித்திருக்கிறார். புதுச் சரக்கு வந்தபோது அளவைக் குறைத்தவர் அவர். பிறகு ஏன் அன்றிரவு 'வழக்கம்போல்' என்று எழுதினார்?

நெடுநேரம் பேசியபின் எங்களுக்குக் கிடைத்த விடை இதுதான். கடை மருந்தை அவர் சந்தேகித்தார்; ஆகவே சோதித்தார். துரையின் மருந்தை நம்பினார். சீமைப் பெட்டி, அச்சடித்த எழுத்து, துரை வீட்டு மேசை. அதைக் கல்மேல் வைத்துக் கொளுத்திப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பார்த்திருந்தாலும் ஏமாந்திருப்பார், வெட்டவெளியில் கார்டைட் சாதுவாகத்தான் எரியும். எடை அட்டையிலேயே அச்சாகியிருந்தது; அவர் கையில் இருந்தது முகக்கும் குப்பி. அந்த மருந்து கெட்டும் போயிருக்கவில்லை. நல்ல வலுவோடுதான் இருந்தது. அதுவே பிசகாயிற்று.

பிறகு குடும்பமும் அதே வழியில்தான் சென்றது. ஒரு குழல் வெடித்ததென்றால் முதலில் யாரைச் சந்தேகிப்பது? கடைத்தெருவில் பொட்டலம் கட்டுகிற மனிதரை. அவருடைய மருந்து அன்று துப்பாக்கியிலேயே இல்லை.

* * *

'மருந்து' என்று நம் மொழி ஒரே சொல்லால் இரண்டையும் அழைப்பது விநோதம். வள்ளுவர் 95ஆம் அதிகாரத்துக்கு 'மருந்து' என்று பெயரிட்டுவிட்டு, பெரும்பகுதியும் அளவைப் பற்றியே பேசுகிறார். கார்டைட்டில் உள்ள நைட்ரோகிளிசரின்தான் நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரையிலும் இருக்கிறது. நோபலுக்கே கடைசிக் காலத்தில் மருத்துவர்கள் அதைக் கொடுத்தார்கள். அந்த முரணை அவர் கடிதத்தில் எழுதிச் சிரித்திருக்கிறார். சின்னத் தாத்தாவும் இறுதி ஆண்டுகளில் சட்டைப்பையில் அந்த மாத்திரையை வைத்திருந்தார். நிறுத்து, அச்சிட்டு, 'ஒன்றுக்குமேல் போடக்கூடாது' என்று மருத்துவர் சொல்லிக் கொடுத்த அளவு அது.

நோட்டை அத்தையிடம் வாசித்துக் காட்டினோம். முதலில் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "சித்தப்பா ஆஸ்பத்திரியிலே இருந்தப்போ அப்பா போய்க் கடைக்காரரைத் திட்டிட்டு வந்தார். சித்தப்பாவுக்கு நினைவு வர மூணு நாளாச்சு. அதுக்குள்ளே ஊரெல்லாம் பேசியாச்சு. அவர் என்ன பண்ணுவார்?"

"அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் இருந்தாரே, அத்தை."

"இருந்தார். அந்தக் கடை இருக்கிற பக்கம் நடக்கவே மாட்டார். கோபம்னு நினைச்சோம்." சற்று நிறுத்தி, "செத்துப்போன மனுஷனை இப்போ ஊர் முன்னாலே குத்தவாளி ஆக்கப்போறீங்களா?" என்றார்.

எங்களுக்குள்ளும் உடன்பாடு இல்லை. பழைய கதை, கேட்க ஆளில்லை, விட்டுவிடலாம் என்றார் அண்ணன். செத்துப்போனவர் இரண்டு பேர். ஒருவருக்காக மட்டும் நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று தங்கை கேட்டாள். இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் காலை அத்தையே நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "போறதானா ரெண்டு பேருமா போங்க. கத்திச் சொல்லாதீங்க" என்றார்.

கடை இப்போதும் அங்கேதான் இருக்கிறது. மருந்து, ரவை எதுவும் இல்லை. கைப்பேசிக்குப் பணம் ஏற்றுகிறார்கள், குடையும் ரெயின்கோட்டும் விற்கிறார்கள். அந்தக் கடைக்காரரின் பேரன் உட்கார்ந்திருந்தார். நாங்கள் யார் என்று சொன்னதும் அவர் முகம் இறுகியது. அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்கள் வீட்டிலும் அந்தக் கதை இருந்திருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்து, நடந்ததைச் சொன்னோம். அவர் இருமுறை வாசித்தார். அந்த வருடத்தோடு தம் தாத்தா மருந்து விற்பதை நிறுத்திவிட்டார் என்றார். "மருந்து கெட்டதை வித்தவர் பையன்னு எங்கப்பாவைப் பள்ளிக்கூடத்திலே சொல்வாங்களாம்" என்றார். அதற்கு நாங்கள் என்ன பதில் சொல்வது? மன்னிப்புக் கேட்டோம். அவர் தலையசைத்தார். அது ஏற்றுக்கொண்டதா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

"அப்பா உள்ளேதான் இருக்கார். நீங்களே வந்து சொல்லுங்க" என்று கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு அழைத்துப் போனார்.

பெரியவருக்கு எண்பது வயது இருக்கும். காது சற்று மந்தம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெயில் விழும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மெதுவாக, உரக்க, அத்தை சொன்னதற்கு மாறாக, மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னோம். துரை, ஏலம், மேசை, தோட்டா, கார்டைட். அவர் எங்களைப் பார்க்கவில்லை, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் கையை நீட்டினார். குப்பியைக் கொடுத்தோம். விரலால் அதன் வாயைத் தடவிப் பார்த்தார். பையனாக இருந்தபோது கடையில் மருந்து நிறுத்துப் பொட்டலம் கட்டியவர் அல்லவா.

"எவ்வளவு போட்டாராம், தம்பி?"

"வழக்கம்போல்னு எழுதியிருக்காருங்க, ஐயா. அந்தக் குப்பியிலே ஒண்ணு."

பெரியவர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். பிறகு தங்கையின் பக்கம் திரும்பினார்.

"எங்கப்பா மருந்துக்கு இது சரியான அளவு, அம்மிணி" என்றார்.

குப்பியை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தோம்.